கதவைத் தட்டிய எஞ்சின்

கரட்டுப்புதூரில் தெய்வசிகாமணியின் பழைய லாரிக்கு எஞ்சின் வேலை முடிந்து, ரேடியேட்டருக்கு மாலை போட்டு, முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மெக்கானிக் நஞ்சப்பன் செல்ஃப் அடித்த அந்தக் காலையில், எஞ்சின் ஓடியது, ஆனால் சத்தம் வரவில்லை. ஃபேன் சுற்றியது, சைலன்சரில் புகை வந்தது, ஆயில் முள் ஏறி நின்றது, பானெட்டின் மேல் வைத்த ஸ்பேனர் மெல்ல நடுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. தன் காதுதான் போய்விட்டதோ என்று பயந்து நஞ்சப்பன் அந்த ஸ்பேனரை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தான். அது விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது. பட்டறையில் நின்றவர்களெல்லாம், வேலை என்றால் இதுவல்லவா வேலை, எஞ்சின் ஓடுவதே தெரியாமல் ஓடுகிறதே என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதே நேரத்தில் அடுத்த தெருவில் டீக்கடை அங்கமுத்துவின் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

அங்கமுத்துவின் மனைவி போய்த் திறந்தாள், வாசலில் யாரும் இல்லை. சாத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள், மறுபடியும் தட்டும் சத்தம். விரலை மடக்கி, கூச்சப்பட்டு, உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று யோசித்து யோசித்துத் தட்டுகிற தட்டு அது. அங்கிருந்து அது லேத்துக்காரன் வீட்டுக்குப் போனது, அங்கே கொஞ்சம் பலமாகத் தட்டியது. எடைமேடைக்காரன் வீட்டுக்குப் போனது, அங்கே இன்னும் பலமாகத் தட்டியது. லாரி உரிமையாளர் சங்கத் தலைவன் சென்னியப்பன் வீட்டு இரும்புக் கதவுக்குப் போனது. நஞ்சப்பனுடைய சொந்த வீட்டுக்கே போனது. கடைசியில் தெய்வசிகாமணியின் தேக்குக் கதவுக்கு வந்து, விரலை விட்டுவிட்டு, கையை விரித்து, உள்ளங்கையால் அறைந்தது. பட்டறையில் நஞ்சப்பன் ஸ்டாப்பரை இழுத்து எஞ்சினை நிறுத்தியதும் ஊரில் தட்டுவதும் நின்றது.

எனக்கு இந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிதானம் இருப்பதில்லை. அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் வருகிற ஊர் ஆண்களில் டிரைவர் குழந்தைவேலு ஒருவருக்குத்தான் நான் ‘அவர்’ போடப்போகிறேன். மற்றவர்கள் எவ்வளவு பெரிய ஆட்களாக இருந்தாலும் ‘அவன்’தான். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்பட்டுக்கொள்ளட்டும்.

குழந்தைவேலு அந்த லாரியை வெகுகாலம் ஓட்டியவர். குடிக்காதவர். ஊர் நோம்பித் திருவிழாவில் கறி விருந்து நடக்கிற இடத்தில்கூட அவர் கையில் இருப்பது டீ கிளாஸ்தான், அதுவும் சர்க்கரை தூக்கலாக. கடைசி முறை வெளியூர் லைனுக்குக் கிளம்பிய அன்று, அங்கமுத்துவின் டீக்கடை முன்னால் லோடு லாரியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, “எஞ்சின் தட்டுதுங்க, வந்து கேட்டுப்பாருங்க” என்று எல்லாரையும் கூப்பிட்டார். லாரிக்காரர் பேச்சில் எஞ்சின் தட்டுகிறது என்றால், உள்ளே பேரிங் தேய்ந்து, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கன்ராடு ஆட்டம் கண்டு, இரும்போடு இரும்பு இடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டினால் எஞ்சின் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லேத்துக்காரனுக்கு அது கேட்டது, எடைமேடைக்காரனுக்குக் கேட்டது, சென்னியப்பனுக்குக் கேட்டது, பால் காய்ச்சிக்கொண்டிருந்த அங்கமுத்துவுக்கும் கேட்டது. நஞ்சப்பன் நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “நாலாவது கன்ராடு. இது லோடு இழுக்கற நெலமைல இல்ல, எஞ்சின எறக்கோணும்” என்றான்.

அப்போது தெய்வசிகாமணி வந்தான். “ஒரு நடை போயிட்டு வந்துரட்டும், வந்து எறக்கிக்கலாம்” என்றான். ஒரு நடை என்கிற இந்த இரண்டு சொல் எங்கள் பக்கத்தில் கொன்றவர்களை வரிசையாக நிறுத்தினால் சுங்கச்சாவடி வரைக்கும் நிற்பார்கள். தெய்வசிகாமணியின் லாரிகள் எல்லாம் நஞ்சப்பனின் பட்டறைக்குத்தான் வேலைக்கு வரும், அதனால் நஞ்சப்பன் திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். மற்றவர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். முடியாது என்று சொன்னால் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று குழந்தைவேலுவுக்குத் தெரியும், அதனால் அவர் கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

மலை இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், அந்த நாலாவது கன்ராடு ஒடிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எஞ்சின் இறுகியது, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, லோடு முன்னால் தள்ளியது, லாரி பள்ளத்தில் இறங்கியது. குழந்தைவேலுவை ஓடைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது நாட்கள் கடந்திருந்தன, அந்த உடம்பைப் பார்த்துக் குடித்திருந்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். தெய்வசிகாமணி மட்டும் சொன்னான்: வண்டியில் ஒரு குறையும் இல்லை, விழுந்த வேகத்தில்தான் எஞ்சின் உடைந்தது, டிரைவர் தண்ணி போட்டிருந்தான். சொன்னவன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான், செத்தவர் திரும்பி வந்து பேச முடியாது, ஆகவே அதுவே உண்மை ஆகிவிட்டது.

அவருடைய மனைவி பாவாயி அக்கா வீடு வீடாகப் போனாள். அவள் நஷ்டஈடு கேட்டுப் போகவில்லை. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்திருக்கிறாள், விசாரணைக்கு நாள் குறிப்பார்கள், அன்றைக்கு ஒரே ஒரு ஆள் வந்து, குழந்தைவேலு குடிக்காதவர், எஞ்சின் தட்டுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. புருஷன் போனதைத் தாங்கிக்கொண்டவளால், குடிகாரன் என்கிற சொல் அவர் பேரோடு காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு கிடப்பதைத் தாங்க முடியவில்லை.

அங்கமுத்து வீட்டில் கூச்சத்தோடு விரலை மடக்கித் தட்டினாள். திறக்கவில்லை. லேத்துக்காரன் வீட்டில் தட்டினாள், எடைமேடைக்காரன் வீட்டில் தட்டினாள், சென்னியப்பன் வீட்டில் தட்டினாள், நஞ்சப்பன் வீட்டில் தட்டினாள். எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள், எந்த வீட்டிலும் திறக்கவில்லை. கடைசியில் தெய்வசிகாமணியின் தேக்குக் கதவை உள்ளங்கையால் அறைந்து அறைந்து, கை கன்றிப்போய், அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொங்குச் சீமையில் வாசலுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று வரவேற்காமல் விடுவதைப் போல ஒரு அவமானம் இல்லை. பங்காளிச் சண்டைக்கு வந்தவனைக்கூட ‘வாங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே சண்டையை ஆரம்பிப்பார்கள். கதவைத் திறந்தால் அவளை ‘வாங்க’ என்று கேட்டாக வேண்டும், கேட்டால் உட்காரவைக்க வேண்டும், உட்கார்ந்தால் அவள் பேசுவதைக் கேட்டாக வேண்டும். அதனால்தான் இவர்கள் கதவையே திறக்கவில்லை. முறை தெரிந்தவர்கள் அல்லவா.

இதெல்லாம் எஞ்சின் இறக்குவதற்கு முன்னால் நடந்தது. அதன் பிறகு லாரி கிரேனில் வந்தது, பிளாக்கை ஒட்டவைத்தார்கள், லைனரும் பிஸ்டனும் புதிதாகப் போட்டார்கள், கிராங்க்கைக் கடைந்தார்கள், முதலில் சொன்னேனே அந்தக் காலையும் வந்தது. எஞ்சின் தட்டும் சத்தம் எஞ்சினில் கேட்காமல் ஊரார் கதவில் கேட்டது. கரட்டுப்புதூர் லாரி ஊர் அல்லவா, யாரும் பேய் என்றோ சாமி என்றோ ஓடவில்லை. தட்டுகிறதா, சரி, எங்கே தட்டுகிறது என்று பார்ப்போம் என்று ஆயுதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

முதலில் டேப்பெட் பார்த்தார்கள். அப்புறம் டைமிங் பார்த்தார்கள். நாசில்களைக் கழற்றிச் சோதித்து மாட்டினார்கள், டீசல் லைனில் காற்று எடுத்தார்கள், கெட்டி ஆயிலை ஊற்றினார்கள், ஆயில் சம்ப்பை இறக்கிப் பேரிங் ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சேலத்திலிருந்து வந்த பெரிய மெக்கானிக் எஞ்சினில் திருப்புளியை வைத்துக் கேட்டு, ஒன்றுமே கேட்கவில்லையே என்றான். “இங்க கேக்காதுங்க, அங்க வந்து கேளுங்க” என்று அவனை அங்கமுத்துவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அவன் திருப்புளியைக் கதவின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான், பட்டறையில் ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். “நாலாவது கன்ராடுதாங்க, சந்தேகமே இல்ல” என்றான் அவன், கதவைக் காட்டி. பிறகு ஊருக்கு இதுவே வழக்கமாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு திருப்புளியோடு தங்கள் தங்கள் வீட்டுக் கதவில் காது வைத்துக் கேட்டு, எங்கள் வீட்டில் டேப்பெட் சத்தம் மாதிரி இருக்கிறது, எங்கள் வீட்டில் பிஸ்டன் மாதிரி இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கதவின் கீலுக்கு எஞ்சின் ஆயில் விட்டுப் பார்த்தவனும் உண்டு.

எடைமேடைக்காரன் கதவைக் கழற்றிக் கொல்லையில் சாத்திவைத்தான், கொல்லையில் தட்டியது. லேத்துக்காரன் மரக்கதவை எடுத்துவிட்டு இரும்பு ஷட்டர் போட்டான், தெருவே அதிரும்படி தட்டியது. ஒருவனுக்காவது, இது யார் தட்டின தட்டு, எங்கேயோ கேட்ட தட்டாக இருக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது, எல்லாருக்கும் தோன்றியது. அதனால்தான் அத்தனை மும்முரமாக டேப்பெட் பார்த்தார்கள்.

வழி கண்டுபிடித்தவள் அங்கமுத்துவின் மனைவி. ஒருநாள் கை வேலையாக இருந்தவள், தட்டும் சத்தம் கேட்டுப் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துகொண்டே “வாங்க” என்றுவிட்டாள். தட்டுவது நின்றது. வேறு வீடுகளிலும் செய்து பார்த்தார்கள், ‘வாங்க’ என்றதும் நின்றது. அடுத்து எஞ்சினைக் கிளப்பும்வரை அந்த வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. அவ்வளவுதான், ஊர் மூச்சுவிட்டது. லாரியைப் பட்டறையில் கிளப்பப்போகிறார்கள் என்று தெரிந்தால் வாசல் தெளித்து வைத்துக் காத்திருந்தார்கள். தட்டியதும் திறந்து, யாருமில்லாத வாசலைப் பார்த்து, “வாங்க வாங்க, உள்ள வாங்க” என்றார்கள். வெறும் ‘வாங்க’ எப்படிப் போதும் என்று செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், “ஊட்ல எல்லாரும் சௌரியமுங்களா” என்று நாற்காலியைக் கேட்டார்கள். அந்தப் பக்கமாகப் பாவாயி அக்கா கூலி வேலைக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்து போவாள். காற்றுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டு நிற்பவர்கள், அவளைக் கண்டதும் சட்டென்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

இன்னும் கேளுங்கள். கொஞ்ச நாளில் அது கௌரவமாகவே ஆகிவிட்டது. தட்டுகிற வீடு, தட்டாத வீடு என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. தட்டுகிற வீடுகளெல்லாம் டீக்கடையில் நிற்கிற வசதியான ஆட்களின் வீடுகள்தானே, ஆகவே தட்டாத வீட்டுக்காரர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் வீடு என்ன இளப்பமா, எங்கள் வாசலுக்கு ஏன் வருவதில்லை என்று நஞ்சப்பனிடம் போய்ச் சண்டை போட்டார்கள். சிலர் தாங்களே வெளியே வந்து தங்கள் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஓடிப்போய்த் திறந்து “வாங்க” என்றார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் தரகனிடம், நல்ல குடும்பம்தானா, தட்டுகிற வீடுதானா என்று விசாரித்தார்கள்.

தெய்வசிகாமணி மட்டும் ‘வாங்க’ சொல்ல மறுத்தான். “என்ற வண்டிய நானே என்ற ஊட்டுக்கு வாங்கன்னு கூப்படறதா?” என்றான். அதனால் அவன் வீட்டில் மட்டும் தட்டு ஓயவில்லை. எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் தேக்குக் கதவு அறை வாங்கி, கீல் விட்டு, நிலை பிளந்துகொண்டு வந்தது. விசாரணைக்கு நாள் குறித்துத் தாக்கீது வந்தபோது, இது பாவாயி செய்துவைத்த செய்வினை என்று முடிவு கட்டி, அவளிடம் பேசி மனுவை வாபஸ் வாங்க வைக்கச் சொல்லி சென்னியப்பனையும் அங்கமுத்துவையும் நஞ்சப்பனையும் அனுப்பினான்.

அப்படித்தான் இந்த மூன்று பேரும் பாவாயி அக்காவின் வீட்டு முன்னால் போய் நின்றார்கள். தகரக் கதவு. யார் தட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் நஞ்சப்பன் தட்டினான். தட்டிய கை கீழே இறங்குவதற்குள் கதவு திறந்தது.

“வாங்க” என்றாள் பாவாயி அக்கா.

பாய் விரித்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் வாங்கிக் குடித்தார்கள். சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மிணி, நடந்தது நடந்துபோச்சு. நீ எதோ பண்ணி வெச்சிருக்கறயாமா. அத எடுத்துரு. மனுவையும் வாபஸ் வாங்கிக்கோ. ஊருக்கே செரமமா இருக்குது” என்றான்.

“நான் என்னங்க பண்ணுவேன்? தட்டத்தான் தெரிஞ்சுது, தட்டுனேன். நீங்க தொறக்கல. அதோட எனக்கிருந்த தெம்பு முடிஞ்சுபோச்சுங்க. இப்ப தட்டறது நானில்ல.”

“அதில்லம்மிணி...”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அவரு குடிப்பாராங்க?”

அங்கமுத்து டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க கடைல வருசக்கணக்கா டீ குடிச்சாருங்கண்ணா. ஒருநாளாச்சும் வாடை அடிச்சுதுங்களா? எஞ்சின் தட்டுதுன்னு அவரு சொன்னாரா இல்லீங்களா? நஞ்சப்பண்ணா, நீங்கதான காது குடுத்துக் கேட்டீங்க. நீங்க கேட்டுச் சொன்னா அது தப்பாதுன்னு எங்கிட்ட அவரு எத்தன தடவ சொல்லியிருக்காரு தெரியுங்களா?”

நஞ்சப்பன் எழுந்து நின்றான். மற்ற இருவரும் எழுந்தார்கள். “அதையெல்லாம் இப்பப் பேசி என்ன ஆவப்போவுது” என்று சென்னியப்பன் முனகிக்கொண்டே செருப்பை மாட்டினான். பாவாயி அக்காவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது: “ஆளில்லாத வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்படறீங்களே, உங்களுக்கெல்லாம் கூச்சமா இல்லீங்களா? நான் ரோட்டுல போறவ. உசுரோட இருக்கறவ. என்னையக் கூப்பிட வாய் வரல உங்களுக்கு.” அவர்கள் காதில் விழாததுபோல நடந்தார்கள். காதில் விழாததுபோல நடப்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

விசாரணை அன்றைக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த லாரியையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. கதவு தட்டுகிற வண்டியை ஓட்ட எந்த டிரைவரும் முன்வராததால் நஞ்சப்பனே ஓட்டிக்கொண்டு போனான். “வளாகத்துக்குள்ள நுழஞ்சதும் ஸ்டாப்பர இழுத்துரோணும், அதிகாரி இருக்கற எடத்துல எஞ்சின் ஓடப்படாது” என்று தெய்வசிகாமணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நஞ்சப்பன் வேப்பமரத்தடியில் லாரியை நிறுத்தினான், கை ஸ்டாப்பருக்குப் போனது, அதைப் பிடித்தது, பிடித்தபடியே இருந்தது. அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது, நல்லதாக ஏதாவது நினைத்திருப்பான் என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. அவன் கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். சத்தமில்லாத எஞ்சின், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று யாருக்குத் தெரியும்? அவன் போய்த் தாழ்வாரத்துத் தூணோரமாக நின்றுகொண்டான்.

உள்ளே அதிகாரி உட்கார்ந்திருந்தார். தெற்கத்திப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த அம்மா, இந்த ஊர் விஷயம் ஒன்றும் தெரியாதவர். எதிரே பெஞ்சில் தெய்வசிகாமணி, சென்னியப்பன், அங்கமுத்து, லேத்துக்காரன், எடைமேடைக்காரன். சுவரோரம் பாவாயி அக்கா. வண்டி நன்றாக இருந்தது என்றான் தெய்வசிகாமணி. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள் மற்றவர்கள், ஒருவர் சொன்னதை ஒருவர் அப்படியே சொல்லி. வேறு யாராவது சொல்வதற்கு இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். பாவாயி அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று அதிகாரி பேனாவை எடுத்தபோது, அந்த அறையின் கதவை யாரோ தட்டினார்கள்.

“உள்ள வாங்க” என்றார் அதிகாரி, நிமிர்ந்து பார்க்காமல்.

மறுபடியும் தட்டியது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது என்ன தட்டு என்று தெரிந்துபோயிற்று. பழகிப்போன வாய் அல்லவா, முதலில் அங்கமுத்து எழுந்து கதவைப் பார்த்து “வாங்க” என்றான். லேத்துக்காரன் எழுந்து “வாங்க” என்றான். எடைமேடைக்காரனும் சென்னியப்பனும் கைகூப்பி “வாங்க வாங்க” என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தெய்வசிகாமணியும் எழுந்து நின்று, “வாங்க” என்றான். தட்டுவது நிற்கவில்லை. அந்த ‘வாங்க’வெல்லாம் செல்லுபடியாகிற இடம் இது இல்லை. விரல் மடக்கித் தட்டியது, பலமாகத் தட்டியது, உள்ளங்கையை விரித்து அறைந்தது. மேசைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

“யாரது? உள்ள வாங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?” என்றார் அதிகாரி.

கதவு திறந்தது. நஞ்சப்பன் உள்ளே வந்தான்.

“நீங்களா தட்டுனீங்க?”

“இல்லீங்க.”

“பெறகு தட்டுனது யாரு?”

“எஞ்சினுங்க.”

அதிகாரிக்குப் புரியவில்லை. “என்ன சொல்றீங்க?”

“எஞ்சின் தட்டுச்சுங்க. தட்டுது, கேட்டுப்பாருன்னு கொழந்தவேலு எங்கிட்டச் சொன்னானுங்க. நானும் காது குடுத்துக் கேட்டனுங்க. நாலாவது கன்ராடு. போனா ஒடிஞ்சுரும்னு எனக்குத் தெரியுமுங்க. ஓனரு ஒரு நடைன்னாருங்க. இங்க ஒக்காந்திருக்கற அத்தன பேரும் அங்க இருந்தாங்க. கொழந்தவேலு குடிச்சு நான் பார்த்ததில்லீங்க, இவியளும் பார்த்ததில்லீங்க.”

அவன் சொல்லச் சொல்ல, வேப்பமரத்தடியில் நின்ற லாரிக்குச் சத்தம் வந்தது. எல்லா லாரியும் போடுகிற அதே சத்தம். கதவு தட்டுவது நின்றிருந்தது. அதிகாரி பேனாவைக் குனிந்து எடுத்து, அவன் பேரையும் ஊரையும் கேட்டு எழுத ஆரம்பித்தார். பெஞ்சில் அங்கமுத்து, “நானும் அதத்தானுங்கம்மா சொல்லலாம்னு...” என்று வாயெடுத்தான். அதிகாரி கையைக் காட்டி அவனை உட்கார வைத்துவிட்டு, நஞ்சப்பனைப் பார்த்தார்.

“இத்தன நாளா ஏன் வந்து சொல்லல?”

“கதவு சாத்தியிருந்துச்சுங்க.”

“எந்தக் கதவு?”

நஞ்சப்பன் சுவரோரம் நின்றவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். “என்ற ஊட்டுக் கதவுதானுங்க. இந்த அம்மிணி வந்து தட்டிட்டே நின்னுதுங்க. நான் உள்ள தாழ்ப்பாளப் புடிச்சிட்டு நின்னனுங்க.”

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். பாவாயி அக்கா சுவரை விட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அதையும் எழுதிக்கோங்கம்மா” என்றாள்.